என்னைக் கவர்ந்த பர்மா ராணி



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'என்னைக் கவர்ந்த அரசி' என்று தலைப்பு கொடுத்தார்கள். எங்க வகுப்பில் பாதிப்பேர் வேலு நாச்சியார். மீதிப் பாதியில் ஜான்சி ராணியும் ராணி மங்கம்மாளும். எல்லாரும் வீரம் மிகுந்த அரசிகள்தான். ஆனால் நான் எழுதப் போகிறவர் வாள் எடுத்துச் சண்டை போட்டவர் இல்லை. அவர் பெயர் ஷின் சாபு. நாடு பர்மா, அதாவது இப்போதைய மியான்மர்.

இவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்க அம்மாயி இரங்கூனில் பிறந்தது. 1965-ல் கப்பலில் இந்தியாவுக்கு வந்தபோது அதுக்கு 12 வயசு. ஷ்வேடகோன் பகோடா என்ற தங்கக் கோபுரத்தைப் பற்றி அடிக்கடி சொல்லும். "ஒரு ராணி தன்னோட எடைக்கு எடை பொன்னு குடுத்து அதுக்குத் தகடு அடிச்சுச்சாம்த்தா" என்று சொல்லும். ராணியின் பேரு கேட்டால் தெரியாது. நான்தான் எங்க சமூக அறிவியல் டீச்சர் உதவியோடு தேடிக் கண்டுபிடித்தேன்.

ஷின் சாபு 1394-ல் பிறந்தார். தெற்குப் பர்மாவில் பெகு என்ற நகரம் (இப்போது பாகோ) மோன் இன மக்களின் தலைநகரமாக இருந்தது. அங்கே ஆண்ட ராசாதரித் மன்னரின் மகள் இவர். வடக்கே ஆவா என்று இன்னொரு ராஜ்யம். இந்த இரண்டு ராஜ்யங்களும் 1385 முதல் விட்டு விட்டுச் சண்டை போட்டன. வரலாற்றில் இதற்கு நாற்பதாண்டுப் போர் என்றே பெயர்! நம்ம ராணி பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாமே அந்தச் சண்டைக்கு நடுவில்தான்.

25 வயதில் அவருடைய கணவர் இறந்து விட்டார். ஒரு மகன், இரண்டு மகள்கள் இருந்தார்கள். பிறகு அப்பாவும் இறந்தார். அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வந்தது. ஆவா மன்னர் திஹாது படையோடு வந்தார். கடைசியில் சமாதானம் பேசினார்கள். எப்படித் தெரியுமா? 1423-ல் ஷின் சாபுவை அவருடைய சகோதரர் ஆவா மன்னருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார். அப்போது அவருக்கு 29 வயது. இத்தனை வருஷம் அப்பா யாரோடு சண்டை போட்டாரோ அந்த வீட்டுக்கே ராணியாகப் போனார். அவருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதாக நான் படித்ததில் எங்கேயும் இல்லை.

ஆவாவில் திஹாது மன்னர் இவரைப் பிரியமாக வைத்திருந்தார். ஆனால் ரெண்டே வருஷத்தில், 1425-ல், அரண்மனையின் இன்னொரு ராணி செய்த சதியில் மன்னர் கொல்லப்பட்டார். 1426-ல் மொனியின் தாடோ என்பவர் ஆட்சியைப் பிடித்தார். அவருக்கும் ஷின் சாபுவை ராணி ஆக்கினார்கள். சிம்மாசனம் கை மாறும்போது அதோடு சேர்த்து ஒரு பெண்ணும் கை மாறுவாள்! இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் நண்பர்களே, அந்த அரண்மனையில் அவர் சும்மா அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. படித்தார்! மோன் நாட்டிலிருந்து வந்திருந்த இரண்டு புத்த பிக்குகளிடம் பாடம் கேட்டார். அதில் ஒருவர் பெயர் தம்மசேதி. அந்தப் பாடம்தான் அவருக்கு வழி திறந்தது. சுமார் 1430-ல் அந்த இரண்டு பிக்குகளின் உதவியோடு ரகசியமாகத் தப்பித்து, படகில் ஐராவதி ஆற்றோடு தெற்கே வந்து பெகு சேர்ந்தார். இன்னொரு ராஜ்யத்தின் ராணி அரண்மனையை விட்டு ஓடுவது என்றால் சாதாரணமா? பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் பெகுவிலேயே இருந்தார். சகோதரர் ஆண்டார், பிறகு அவருடைய மகன் ஆண்டார், பிறகு வேறு இருவர். 1454-ல் ராசாதரித் வம்சத்தில் சிம்மாசனம் ஏற ஆண் வாரிசு யாரும் மிச்சமில்லை. அப்போதுதான் 60 வயது ஷின் சாபுவிடம் வந்தார்கள். அந்த வம்சத்தில் அரியணை ஏறிய ஒரே பெண் அவர்தான்.

ஒரு கதை சொல்வார்கள். ராணி பல்லக்கில் போகும்போது வழியில் நின்ற முதியவரைக் காவலர்கள் "கிழவா, தள்ளிப் போ" என்று அதட்டினார்களாம். "நானா கிழம்? உங்க ராணிதான் கிழம்" என்றாராம் அவர். ராணி கோபப்படவில்லை. அன்று முதல் 'முதிய அரசி' என்பதையே தன் பட்டப்பெயராக வைத்துக் கொண்டாராம்.

அவர் காலத்தில் பெகுவில் பெரிய போர் இல்லை. ஷ்வேடகோன் கோபுரத்தை உயர்த்திக் கட்டினார். மேல்தளத்துக்குக் கல் பாவினார். பராமரிக்க நிலம் எழுதி வைத்தார். தன் எடைக்கு எடை பொன் கொடுத்ததும் உண்மைதான். 25 வீசை என்கிறார்கள். பர்மாவில் ஒரு வீசை சுமார் 1.6 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 40 கிலோ வந்தது. போன மாதம் ஸ்கூலில் எடை பார்த்தபோது நான் 41 கிலோ! அவ்வளவு பெரிய ராணி என்னை விட ஒல்லி.

வயதானதும் ஆட்சியை யாரிடம் கொடுப்பது? தனக்குப் பாடம் சொன்ன தம்மசேதியிடம் கொடுத்தார். அவர் துறவறத்தை விட்டு வந்து, ராணியின் மகளை மணந்து அரசரானார். "ராஜ வம்சம் இல்லாதவர் எப்படி ராஜா ஆகலாம்?" என்று பிரபுக்கள் முணுமுணுத்தார்களாம். ராணி ஒரு பாலத்திலிருந்து மரக்கட்டையைப் பெயர்த்து வரச் சொல்லி, அதில் புத்தர் சிலை செதுக்க வைத்து, "நேற்று வரை இதை மிதித்து நடந்தீர்கள், இன்று கும்பிடுகிறீர்களே!" என்று கேட்டாராம். இதுவும் வழிவழியாகச் சொல்லும் கதைதான். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ராணி தேர்ந்தெடுத்த தம்மசேதி புகழ்பெற்ற அரசர் ஆனார். 1485-ல் ஷ்வேடகோனின் வரலாற்றை பாலி, மோன், பர்மிய மொழிகளில் அவர் பொறித்து வைத்த கல்வெட்டு இருக்கிறது. ராணி 1471-ல் இறந்தார். தங்கக் கோபுரம் கண்ணில் தெரியும்படி கட்டிலைப் போடச் சொன்னாராம்.

இந்தக் கதையை நான் ஏன் எழுதுகிறேன் என்பதையும் சொல்லி விடுகிறேன். நம்ம பள்ளியில் பத்தாவது வரைதான். பிளஸ் ஒன் படிக்க டவுனுக்குப் போகணும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். எங்க வீட்டில் இப்பவே பேச்சு ஆரம்பித்து விட்டது. "பொம்பளப் புள்ளைய அம்புட்டு தூரம் அனுப்பி என்ன செய்யப் போறோம்? நல்ல இடமா வந்தா பார்த்துருவோம்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்மாயிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையை நான் வாசித்துக் காட்டினேன். ஷின் சாபு தப்பித்து வந்த இடம் வரைக்கும் கேட்டுவிட்டு, "ஆவாவும் நல்ல இடந்தான். பெரிய அரமண. பெறகு எதுக்குத்தா அந்தப் புள்ள படகேறி ஓடியாந்துச்சு?" என்று கேட்டது. திண்ணையில் இருந்த அப்பா காதிலும் அது விழுந்திருக்கும்.

தோழிகளே, ராணியாக இருந்தால்கூட அடுத்தவர் கொண்டு போய் வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டியிருந்தது. அவராகத் தேடிக் கொண்டது படிப்பு ஒன்றுதான். அதை யாரும் யாருக்கும் கை மாற்றிக் கொடுக்க முடியவில்லை. நமக்கு எடைக்கு எடை பொன் வேண்டாம். பன்னிரண்டாவது வரைக்கும் ஒரு பஸ் பாஸ் போதும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு அப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இந்தச் சுவர் பக்கம் கூட்டி வருவேன். அதுவரை இந்தத் தாளை யாரும் கிழிக்காமல் இருக்கும்படி அன்போடு கேட்டுக் கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி