குர்துபாவில் இரண்டு நாட்கள்

அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் "குர்துபியை எடுத்து வா" என்று உஸ்தாத் சொன்னால், நூலக அலுமாரியில் இருபது பாகங்களாக அடுக்கியிருக்கும் தப்ஸீரில் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துப் போவோம். எங்களுக்குக் குர்துபி என்பது ஒரு கிதாபின் பெயர். அது ஒரு ஊரிலிருந்து வந்த பெயர் என்பதும், அந்த ஊரில் இன்றும் பஸ் ஓடுகிறது, மக்கள் மரக்கறி வாங்குகிறார்கள் என்பதும் யோசனைக்கு வந்ததேயில்லை.

லண்டனில் இருக்கும் மைத்துனர் எங்களை அழைத்திருந்தார். அத்தோடு ஸ்பெயினுக்கும் விசா எடுத்துக்கொண்டு, ஒரு சனி, ஞாயிறைக் குர்துபாவில் கழிக்க நானும் மனைவியும் புறப்பட்டோம். மட்ரிட் நகரிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலமும் ஆகவில்லை. வெள்ளி இரவு போய் இறங்கினோம். பெப்ரவரி மாதக் குளிர். நுவரெலியாவைப் பழகிய எங்களுக்கே பல் கிட்டியது.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கே பெரிய பள்ளியின் வாசலில் நின்றோம். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் அந்த முதல் ஒரு மணித்தியாலத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கத் தேவையில்லை என்று மைத்துனர் சொல்லி வைத்திருந்தார். உல்லாசப் பயணிகளின் கூட்டமும் அப்போது இருக்காது. முதலில் வருவது தோடை மரங்கள் நிறைந்த முற்றம். முன்னர் வுழூ செய்த இடம். நிலமெல்லாம் பழம் விழுந்து கிடந்தது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்த மனைவி, "இது கசப்புத் தோடை. ஊறுகாய்க்குத்தான் நல்லம்" என்றார். ஸ்பெயின் மக்கள் தோடையை "நராங்ஹா" என்கிறார்கள். அரபியில் நாரஞ்ச். நமது நாரத்தை என்ற சொல்லோடு சேர்ந்த குடும்பம்தான் அது.

உள்ளே போனதும் இருவருமே பேச்சிழந்து போனோம். எண்ணூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள். எங்கே நின்று பார்த்தாலும் தென்னந்தோப்பில் நிற்பது போலவே தெரிகிறது. முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கியபோது, பழைய ரோமர் காலக் கட்டடங்களின் தூண்களையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவை கட்டை. கூரையோ உயர வேண்டும். ஆகவே ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றி, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டினார்கள். உலகம் வியக்கும் அந்த அழகு, தூண் எட்டாத குறையைச் சமாளிக்கப் போய் வந்தது! இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அல்மன்ஸூர் பள்ளியைப் பெருப்பித்தபோது செங்கல்லை விட்டுவிட்டுக் கல்லுக்கே சிவப்புச் சாயம் பூசிவிட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிகிறது. அவசரக்காரர் வேலை என்று எனக்குப் பட்டது.

இரண்டாம் ஹகம் கட்டுவித்த மிஹ்ராபைக் கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்றுதான் பார்க்கலாம். பொன்னிறச் சிறுகற்களில் குர்ஆன் வசனங்களும் ஹகமின் பெயரும். அந்தக் கற்களையும் பதிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியையும் கொன்ஸ்தாந்திநோப்பிளின் கிறிஸ்தவப் பேரரசர் அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கூபி எழுத்தை நான் தட்டுத்தடுமாறி வாசிக்க, மனைவி மெல்ல அதைச் சொல்லிக்கொண்டார்.

1236இல் மன்னர் பெர்னாந்து நகரைக் கைப்பற்றிய நாள் முதல் அது தேவாலயம். இன்றும் அங்கு பூசை நடக்கிறது. முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. 1523இல் தூண்களை இடித்து நடுவே ஒரு பெரிய கதீட்ரலை எழுப்பத் தொடங்கினார்கள். அனுமதி கொடுத்த பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸே பின்னர் நேரில் பார்த்து வருந்தினார் என்று ஒரு கதை உண்டு. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன்: தேவாலயமாகப் பாவித்திராவிட்டால் இந்தத் தூண்களையும் யாராவது பிடுங்கிப் போயிருப்பார்கள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 997இல் அல்மன்ஸூர் சந்தியாகோ நகரைத் தாக்கி, அதன் தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விளக்காகத் தொங்கவிட்டார். பெர்னாந்து அவற்றை முஸ்லிம்களின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். நமது பாடப் புத்தகங்களில் முதல் பாதியைச் சுருக்கி, இரண்டாம் பாதியை நீட்டி எழுதுவார்கள்.

ளுஹரையும் அஸரையும் தங்குமிட அறையிலேயே ஜம்உ செய்து தொழுதோம்.

சாப்பாடு பெரும் சிரமம். தக்காளியும் பாணும் அரைத்த கூழில்கூடப் பன்றி இறைச்சியைத் தூவித் தருகிறார்கள். கேட்காமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். பாண், ஒலிவ் காய், மொரோக்கோக்காரரின் கடையில் புதினாத் தேநீர், இவற்றிலேயே இரண்டு நாளும் போயிற்று. ஆனால் கடையில் நின்றபோது காதுக்கு இனிமையாக இருந்தது. எண்ணெய்க்கு "அஸெய்த்தே", சீனிக்கு "அஸூக்கார்", தலையணைக்கு "அல்மொஆதா". ஸைத், ஸுக்கர், மிஹத்தா! ஆட்சி போய் எண்ணூறு ஆண்டுகள் நெருங்கியும் குசினியையும் படுக்கையையும் விட்டு அரபு போகவில்லை.

மாலையில் வாதில் கபீர் ஆற்றின் பாலத்தில் நடந்தபோது, இந்த ஊரில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று மனைவி கேட்டார். ஹகமின் அரண்மனையில் லுப்னா என்ற பெண் எழுத்தாளராக இருந்தார். இலக்கணத்திலும் கணக்கிலும் கெட்டிக்காரி. நகரின் கிழக்குப் புறத்தில் மாத்திரம் 170 பெண்கள் கூபி எழுத்தில் குர்ஆன் பிரதி எழுதிக்கொண்டிருந்ததாகவும் ஒரு பழைய செய்தி உண்டு. "இத நீங்க ஒரு பயான்லயும் சொன்னதில்லையே" என்றார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறன்று எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவுக்குப் போனோம். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் தொடங்கிய அரண்மனை நகரம். எண்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1009இல் தொடங்கிய உள்நாட்டுக் கலகத்தில் அதைச் சூறையாடி எரித்தவர்கள் எதிரிகளல்ல, முஸ்லிம் படையினரே. தோண்டி எடுத்தது இன்னும் பத்தில் ஒரு பங்களவுதான். "இவ்வளவும் எப்படிக் கைவிட்டுப் போச்சு?" என்று முந்திய நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தவர், உடைந்த பளிங்குத் துண்டுகளைப் பார்த்த பின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மேல் தளத்திலிருந்து பார்த்தால் ஆற்றுச் சமவெளி முழுக்க வயல். அங்கேதான் எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஆல இம்ரான் சூராவில் ஷுஹதாக்களைப் பற்றிய வசனத்தின் விளக்கத்தில் இமாம் குர்துபி (ரஹ்) தமது சொந்தக் கதையைச் சொல்கிறார். ஹிஜ்ரி 627 ரமழான் பிறை மூன்றில், அதாவது 1230இல், மக்கள் களத்துமேட்டில் நிற்கையில் எதிரிகள் திடீரெனப் பாய்ந்து வெட்டினார்கள். மௌத்தானவர்களில் இமாமின் வாப்பாவும் ஒருவர். போர்க்களத்து ஷஹீதைக் குளிப்பாட்டுவதில்லை. உடுத்த உடையோடே அடக்குவது. களத்துமேட்டில் வெட்டுப்பட்டவருக்கு என்ன சட்டம்? மகன் ஒரு உஸ்தாதிடம் ஓடினார்; குளிப்பாட்டித் தொழுவியுங்கள் என்றார். இன்னொருவர், போர்க்களச் சட்டம்தான் என்றார். பிறகு காழியிடம் போனார். குளிப்பாட்டிக் கபனிடுங்கள் என்றார். அப்படியே செய்தார். பின்னாளில் ஒரு கிதாபில் இந்த மஸ்அலாவைக் கண்டபோது, முன்பே தெரிந்திருந்தால் குளிப்பாட்டாமல் இரத்தத்தோடே அடக்கியிருப்பேனே என்று எழுதி வைத்தார். ஆறு வருடத்தில் ஊரும் போயிற்று. இமாம் எகிப்தில் 1273இல் வபாத்தானார்.

இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். இரு கருத்துக்களையும், அவற்றின் ஆதாரங்களையும் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். இரத்தம் வடியும் வாப்பாவை வீட்டில் கிடத்திவிட்டு, ஒவ்வொரு ஆலிமின் வாசலாக ஓடிய ஒரு பிள்ளையை அதில் நான் கண்டதில்லை. இவ்வளவையும் மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மாலைப் புகையிரதத்தில் ஒலிவ் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் தூங்கிவிட்டதாக நினைத்தேன்.

"கடைசியில வாப்பாவக் குளிப்பாட்டித்தானே அடக்கினார்?" என்று கேட்டார்.

"ஓ. குளிப்பாட்டித்தான்."

"நல்லம். கடைசியா ஒரு தரம் தொட்டுப் பார்க்கக் கிடைச்சிருக்கு."