திறப்பு யார் கையில்?

வாடகைக்கு வீடு தேடி அலைபவர் படும் பாட்டைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கதைகளில் வரும் வீட்டுக்காரர் பெரும்பாலும் கொடியவர். மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்பவர். கிணற்றில் அள்ளும் தண்ணீருக்கும் கணக்குப் பார்ப்பவர். அந்த வரிசையில் நானும் ஒருத்தியாகச் சேர நேர்ந்த பின்புதான், வீட்டுக்காரர் பக்கத்திலும் இரவில் நித்திரை வராத மனிதர் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது.

மன்னார் நகரில் உள்ள எங்கள் வீடு என் தாயாருக்குச் சீதனமாக வந்தது. பின்னர் அதே வழியில் எனக்கு வந்தது. தாயார் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலே கல்லூரி ஆசிரியர்கள். பிள்ளைகளின் படிப்பும் அங்கேதான். ஆகவே வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும், அல்லது யாரையாவது குடியிருத்த வேண்டும். பூட்டிய வீடு எந்த ஊரிலும் நலிந்துதான் போகும். மன்னாரில் அது இன்னும் விரைவாக நலியும். சோளகக் காற்று மணலையும் உப்பையும் அள்ளி வந்து கதவிடுக்கெல்லாம் நிரப்பிவிடும். இரும்பு என்று பெயர் பெற்ற எதையும் துரு விட்டுவைப்பதில்லை. மாரியில் வளவிலே வெள்ளம் தேங்கும். படலை சற்றே திறந்து கிடந்தாலோ, ஊரிலே கேட்பாரற்றுத் திரியும் கழுதைகள் விறாந்தையைத் தமதாக்கிக்கொள்ளும். மனிதர் நடமாட்டமே வீட்டுக்கு மருந்து.

குடியிருக்க ஆள் கிடைப்பதும் இப்போது அத்தனை கடினமன்று. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. தீவின் தென்கரையிலே 103.5 மெகாவாற் மின்சாரம் தரும் தம்பபவனி காற்றாலைகள் 2020இல் திறக்கப்பட்டன. வைத்தியசாலைக்கும் வங்கிகளுக்கும் கச்சேரிக்கும் வெளியூர் உத்தியோகத்தர் மாற்றலாகி வந்தவண்ணம் இருக்கின்றனர். ஆதலால், வீடு காலியாக இருக்கிறது என்ற செய்தி பரவுமுன்பே ஒரு தரகர் என்னைத் தேடி வந்துவிட்டார்.

நல்ல மனிதர், அறுபது வயதிருக்கும். ஊரிலே எந்த வீட்டில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்பது வரைக்கும் அறிந்தவர்.

“ரீச்சர், நீங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு ஏன் கரைச்சல்படுறீங்கள்? திறப்பை என்னட்டைத் தாங்கோ. ஆளும் நான் பிடிப்பன், வாடகையும் நான் வாங்கிப் போடுவன். நீங்கள் படலையையே பார்க்கத் தேவையில்லை,” என்றார்.

“உங்களுக்கு என்ன தரவேணும், ஐயா?” என்று கேட்டேன்.

ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு ஒரு மாத வாடகை. அதன்பின் வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு மாதந்தோறும் வாடகையில் பத்து வீதம். இதுவே அவர் சொன்ன விலை.

இலண்டனில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, அவன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “அக்கா, பேசாமல் குடுங்கோ. இங்கை எல்லாரும் அப்பிடித்தான்,” என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. நள்ளிரவில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் யார் போவது? 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இடையிலான வழி குறுகியது உண்மைதான். ஆயினும் குறுகிய வழியும் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது.

எனினும் ஆசிரியத் தொழிலின் பழக்கம், எந்தக் கேள்வியையும் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லியது. தரகர் செய்வதாகச் சொன்ன வேலை ஒன்றன்று, மூன்று. ஆளைத் தேடுவது முதலாவது. வருபவர் யார் என்று விசாரித்து, ஒப்பந்தம் எழுதிக் குடியிருத்துவது இரண்டாவது. குடியிருக்கும் காலமெல்லாம் வாடகை வாங்குவதும் பழுது பார்ப்பதும் மூன்றாவது.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மாத வாடகை 30,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 360,000 ரூபாய். ஆள் பிடித்த கூலி 30,000. பார்த்துக்கொள்ளும் கூலி 36,000. முதலாண்டில் தரகருக்கு 66,000 போக, மிஞ்சுவது 294,000. சோலைவரியும் பழுது வேலையும் இதற்குள்தான். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆள் கிடைக்காமல் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் நட்டம் அதே 30,000. ஆகவே ஒரு மாதம் முந்தி நல்ல குடும்பத்தைக் கொண்டு வரும் தரகர், தம் கூலியை உழைத்தே பெறுகிறார். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

யோசிக்க வைத்தது வேறொன்று. குடியிருப்பவர் மூன்று ஆண்டு நிலைத்து இருந்தால் வீட்டுக்காரருக்கு நன்மை. ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் ஒரு மாத வாடகை பெறும் தரகருக்கு, ஆண்டுக்கு ஒருவர் மாறுவதே இலாபம். மூன்று ஆண்டில் அவர் பெறுவது ஒரு வழியில் 30,000. மற்ற வழியில் 90,000. அவர் வேண்டுமென்றே ஆளைக் கிளப்புவார் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய நேர்மையை நம்பலாம். ஆனால் அந்த நேர்மைக்கு மாதந்தோறும் சோதனை வைக்கும் ஏற்பாட்டை நாமே செய்வது அறிவுடைமையன்று.

தம்பியின் இலண்டன் உதாரணமும் இந்த இடத்தில்தான் பொருந்தாமற் போயிற்று. இங்கிலாந்தில், பிறர் பணத்தைக் கையாளும் வாடகை முகவர் ஒவ்வொருவரும் அப்பணத்துக்குக் காப்பளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட திட்டமொன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரலில் சட்டமாயிற்று. அதே ஆண்டு ஜூன் முதலாந் தேதியிலிருந்து, குடியிருக்க வருபவரிடம் முகவர் வேண்டியபடி கட்டணம் அறவிடுவதும் தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று விதித்ததோடு, வீட்டுக்காரருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்பவரின் கடமைகளையும் வகுத்தது. என் தம்பி தன் முகவரை நம்புகிறான் என்றால், அந்த நம்பிக்கைக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. மன்னாரில் என் வாடகைப் பணத்துக்குக் காவல் தரகரின் வாக்கு ஒன்றுதான்.

இத்தனையும் பணத்தைப் பற்றிய யோசனை. அதைவிடப் பெரிய யோசனையைத் தந்தது, தரகர் விடைபெறும்போது கேட்ட ஒரு கேள்வி.

“எந்த ஆக்களுக்குக் குடுக்கலாம், ரீச்சர்? சைவ ஆக்கள் மட்டும் எண்டு சொல்லட்டோ? முஸ்லிம் ஆக்களும் கேக்கினம். வேண்டாமெண்டால் நானே சமாளிச்சு அனுப்பிப் போடுவன். உங்கட பேர் வராது.”

அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. பல வீட்டுக்காரர் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பர். அந்தச் சங்கடத்திலிருந்து என்னைக் காப்பதாக நினைத்தே கேட்டார். ஆனால் “உங்கட பேர் வராது” என்ற சொற்கள் என்னை உறுத்தின. தரகர் என்பவர் வெறும் கூலியாள் அல்லர். நம் வாசலிலே நம் பெயரால் நிற்பவர். யாரை உள்ளே விட்டார் என்பதை நாம் அறிவோம். யாரைத் திருப்பி அனுப்பினார் என்பதை ஒருபோதும் அறியோம்.

திருக்கேதீச்சரமும் மடு மாதா கோயிலும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்டு வளர்ந்தவர்களும் இவ்வூர் மக்களே. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் அயல் வளவிலிருந்த அம்மா தம் வீட்டுத் திறப்பை என் தாயாரின் கையில் கொடுத்துவிட்டுக் கடல் வழியாகப் புத்தளம் போனார். எனக்கு அப்போது சிறு வயது. தாயார் அந்தத் திறப்பைச் சுவாமி அறையில் ஒரு செப்புக் கிண்ணத்திலே வைத்திருந்தார். யுத்தம் முடிந்து 2009க்குப் பின் அந்த அம்மா தம் மகளோடு திரும்பி வந்தபோது, திறப்பு இருந்தது. அது திறக்கும் கதவு இருக்கவில்லை. கூரையும் இல்லை. என்றாலும் அந்த அம்மா திறப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரிலே எத்தனையோ வாக்குகள் பொய்த்துப்போன காலத்தில், ஒரு வாக்காவது பொய்க்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அப்படிப்பட்ட வீட்டின் வாசலில், இன்ன சமயத்தார் வரலாகாது என்று என் பெயரால் ஒருவர் சொல்வதை நான் எங்ஙனம் பொறுப்பேன்?

ஆகவே தரகருக்கு என் முடிவைச் சொன்னேன். ஆளைத் தேடித் தாருங்கள். அதற்கு நீங்கள் கேட்ட ஒரு மாத வாடகையைக் குறையாமல் தருவேன். வருபவர் யாராயினும் என்னோடு தொலைபேசியிற் பேச வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் நானே சொல்வேன், காரணத்தோடு சொல்வேன். சமயத்தைக் கேட்க வேண்டாம். உத்தியோகத்தையும், முன்பிருந்த வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லையும் கேளுங்கள். வாடகை என் வங்கிக் கணக்குக்கு நேரே வரட்டும். திறப்பு உங்களிடம் வேண்டாம்.

தரகர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அப்ப எனக்கும் தலையிடி குறைவுதான், ரீச்சர்,” என்று சொல்லிச் சிரித்தார். அவர் அடுத்த வாரமே மூன்று குடும்பங்களை எனக்கு அறிமுகப்படுத்தினார்.

இரண்டாவது வேலையை நொத்தாரிசிடம் ஒப்படைத்தேன். நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும், சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசினால் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முதல் உள்ள விதி. முத்திரை ஒட்டி நாமே எழுதிக்கொள்ளும் ஒரு வருடக் கடதாசிக்குக் குத்தகை என்ற வலிமை இல்லை. பத்து ஆண்டு தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்ற சட்டமும் 1871 முதல் உண்டு. யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் இயற்றவேண்டி வந்ததும் இதனாலேயே. வாடகை கொடுத்து இருப்பவர் நம் சம்மதத்தோடு இருப்பவர். அந்த நிலையில் நின்று அவர் ஆட்சியுரிமை கோர இயலாது. ஆனால் வாடகைக்கு வந்தவர்தான் என்று காட்டுவதற்கு எழுத்து வேண்டும். குத்தகை முடிந்தபின்னும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஒழுங்கான ஒப்பந்தம் கையில் இருப்பவருக்கே இத்தகைய வழிகள் பயன்படும்.

நொத்தாரிசு இன்னொன்றும் கேட்டார்: என் கணவரின் எழுத்து மூலமான சம்மதம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவனின் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் விதித்திருக்கிறது. என் தாயாரின் வீட்டுக்கு என் கையொப்பம் போதாது! கணவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வேலைக்கு ஆள், அயல் வளவிலேயே இருந்தார். திறப்பைக் கொடுத்துச் சென்ற அந்த அம்மாவின் மகள்தான். ஓடு உடைந்தால் எனக்குச் சொல்வதும், வேலையாள் வரும்போது ஒரு பார்வை பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. “அக்கா, இதுக்கெல்லாம் காசு வாங்கிறதோ?” என்று மறுத்தார். மாதம் ஒரு தொகை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தி ஒப்புக்கொள்ளவைத்தேன். சும்மா பெறும் உதவி நெடுநாள் நில்லாது, உறவையும் கெடுக்கும்.

இப்போது வீட்டில் ஒரு வைத்தியசாலை உத்தியோகத்தரின் குடும்பம் இருக்கிறது. அவர்கள் என்ன சமயத்தார் என்று இங்கே எழுதப் போவதில்லை. மின்மானி எண்ணையும் தண்ணீர்மானி எண்ணையும் முதல் நாளே இருவரும் குறித்துக்கொண்டோம். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வைத்தோம். சந்தேகத்தால் செய்ததன்று, பின்னர் சந்தேகம் எழாதிருக்கச் செய்தது.

என் வழி எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். கனடாவிலோ நோர்வேயிலோ இருந்துகொண்டு, ஊரிலே நெருங்கியவர் ஒருவரும் இல்லாதவருக்குத் தரகரின் துணை முழுவதும் தேவைப்படலாம். அவர்களும் மூன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாடகை நேரே தம் கணக்குக்கு வரவேண்டும். குறித்த ஒரு தொகைக்கு மேற்பட்ட பழுது வேலைக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என எழுதிக்கொள்ள வேண்டும். அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் வாடகைக் காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுக்க வேண்டும். விற்கவும் ஈடுவைக்கவும் இடம் தரும் முழு அதிகாரத்தை வாடகைக்காக யாருக்கும் கொடுக்கலாகாது.

தரகரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதே இதில் முக்கியம். தேடுகிற வேலையைக் கூலிக்குக் கொடுக்கலாம். எழுதுகிற வேலையைச் சட்டம் அறிந்தவரிடம் கொடுக்கலாம். பார்த்துக்கொள்ளும் வேலையை அயலாரோடு பகிர்ந்துகொள்ளலாம். நம் வாசலுக்கு வந்தவரை ‘வா’ என்பதும் ‘வேண்டாம்’ என்பதும் மாத்திரம் கூலிக்குக் கொடுக்கக் கூடிய வேலையல்ல. அதை வீட்டுக்குரியவர் தம் வாயாலேயே சொல்ல வேண்டும்.