ஒரே முகம், இரண்டு கதைகள்

சென்ற ரமலானுக்குச் சில நாள்கள் முன்னர், இராயபுரத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பாங்கொலி கேட்கிறது, தொப்பியணிந்த ஒருவரின் முகம் தோன்றுகிறது, அடுத்த கணம் ஒரு துப்பாக்கி. பத்து வயது நிரம்பிய என் மகன் கேட்டான்: "வாப்பா, அவர் ஒன்றுமே செய்யவில்லையே! கெட்டவர் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?"

அக்கேள்வி என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை.

திரைப்படத்திற்கும் ஒரு மொழி உண்டு. ஷாட் என்பது அதன் சொல். சேய்மையிலிருந்து எடுத்தால் இடம் தெரியும். அண்மையிலிருந்து எடுத்தால் உள்ளம் தெரியும். கேமரா கீழிருந்து நோக்கினால் மனிதன் ஓங்கி நிற்பான். மேலிருந்து நோக்கினால் சிறுத்துப்போவான். ஆயினும் சொற்கள் வாக்கியமாவது, ஒன்றையடுத்து மற்றொன்றை ஒட்டும் படத்தொகுப்பில்தான்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவின் லெவ் குலஷோவ் இதனைச் சோதித்தார். இவான் மொசூகின் என்னும் நடிகரின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடு ஒருமுறையும் சவப்பெட்டியோடு ஒருமுறையும் இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் முன்னதில் பசியையும் பின்னதில் துயரையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தனராம். முகமோ ஒன்றேதான்!

மறுநாள் மகனைக் காசிமேட்டுக்கு அழைத்துச் சென்றேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த என் தமையனார் கடலை நோக்கி அமர்ந்திருந்தார்கள். அம்முகத்தைக் கைபேசியில் படமெடுத்தான். கரை திரும்பும் படகுகளையும், மீன் வெட்டும் கத்தியையும் எடுத்தான். வீட்டில் இருவிதமாக ஒட்டினோம். படகோடு பார்த்த அண்டைவீட்டுப் பிள்ளைகள், "யாருக்கோ காத்திருக்கிறார்" என்றனர். கத்தியோடு பார்த்தவர்கள், "ரவுடி" என்றனர்.

தமையனார் சிரிப்பார்கள் என்றெண்ணிக் காட்டினேன். சிரிக்கவில்லை. "நாற்பது வருஷம் மூட்டை சுமந்த முகம் இது. அதை அழிச்சிடு, மவனே" என்றார்கள்.

வடசென்னையும் திரையில் நெடுங்காலம் இவ்வாறே ஒட்டப்பட்டது: கப்பல், கிடங்கு, அரிவாள். 2014-இல் பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' அதே மக்களைக் கால்பந்தோடும் குடும்பத்தோடும் சேர்த்துக் காட்டியது. மக்கள் மாறவில்லை, ஒட்டிய கை மாறியது.

பிள்ளைகளைப் படம் பார்க்காதே என்று தடுப்பது இனி இயலாது. படத்தைப் படிக்கவேனும் கற்பிப்போம். இப்பொழுதெல்லாம் என் மகன் படத்தின் நடுவே மெல்லச் சொல்கிறான்: "வாப்பா, இங்கே ஒட்டியிருக்கிறார்கள்."