பொத்தான் போடும் பாடம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நண்டும் துறைமுகமும்தான் நினைவுக்கு வரும். மருத்துவ உலகத்தில் அந்த ஊருக்கு இன்னொரு அடையாளம் உண்டு. 1943ஆம் ஆண்டு, இங்குள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கான்னர், எட்டு ஆண், மூன்று பெண் என்று பதினோரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய இன்றைய பேச்சுக்கெல்லாம் தொடக்கம் அது.

கான்னரை 1928இல் ஹாப்கின்ஸுக்கு அழைத்து வந்தவர் அங்கு மனநலத் துறையை நடத்திய அடால்ஃப் மேயர். அதே மேயர்தான் 1921இல் பால்டிமோரில் கூடிய, அன்றாட வேலைகளின் வழியே சிகிச்சை தரும் ஆக்குபேஷனல் தெரபி துறையின் சங்க மாநாட்டில், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் நான்கும் ஒரு தாளத்தில் ஓடினால்தான் மனிதன் நலமாக இருப்பான் என்று வாதிட்டவர். ஆட்டிசத்தை விவரித்தவரும் ஆக்குபேஷனல் தெரபிக்குத் தத்துவம் வகுத்தவரும் ஒரே மருத்துவமனைக்காரர்கள். அப்படியிருந்தும், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் கைகால்களைப் பற்றி யோசிக்க வெகுகாலம் பிடித்தது.

அதற்குக் கான்னரும் ஒரு காரணம். சில பிள்ளைகளின் நடையில் தடுமாற்றம் இருப்பதை அவர் கவனித்திருந்தார். ஆனால் நுண்ணிய விரல் வேலையில் எல்லோருமே கெட்டிக்காரர்கள் என்று எழுதிவிட்டார். மூடி, தட்டு என்று எது கிடைத்தாலும் அதைப் பம்பரமாகச் சுழலவிட்ட பிள்ளைகளைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு வேலையை மனம் விரும்பித் திரும்பத் திரும்பச் செய்வது வேறு. புதிதாக ஒன்றைப் பார்த்து, படிப்படியாக யோசித்து, கைக்குக் கட்டளையிட்டுச் செய்வது வேறு. மூடியை மணிக்கணக்கில் சுழற்றும் பிள்ளை, சட்டைப் பொத்தானைப் பத்து நிமிடம் தடவிவிட்டுக் கத்தித் தீர்ப்பதை எந்த அம்மாவும் சொல்வாள்.

66 ஆண்டுகள் கழித்து, 2009இல், அதே ஊரின் கென்னடி க்ரீகர் நிறுவனம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் 14 பேரின் கையெழுத்தை மற்றப் பிள்ளைகள் 14 பேரின் கையெழுத்தோடு ஒப்பிட்டது. எழுத்தின் அளவிலும் இடைவெளியிலும் வித்தியாசம் இல்லை. எழுத்தை உருவாக்குவதில்தான் சிக்கல். யாருடைய எழுத்து எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல, அறிவுத்திறன் மதிப்பெண் உதவவில்லை. கைகால் அசைவுத் திறனே உதவியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் ரெபெக்கா லாண்டா குழு இன்னும் பின்னால் போனது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கும் ஆறு மாதக் குழந்தைகளின் கையைப் பிடித்து மெல்லத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் ஆட்டிசம் உறுதியானவர்களில் 90 சதவீதம் பேருக்கு அப்போதே தலை பின்னால் தொங்கியது. எந்தச் சிக்கலும் இல்லாமல் வளர்ந்தவர்களிலும் 35 சதவீதம் பேருக்குத் தொங்கியது; ஆகவே தலை தொங்கினால் ஆட்டிசம் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

பக்கத்து மாநிலமான டெலவேரின் பல்கலைக்கழகத்தில் அஞ்சனா பட் 2020இல் வெளியிட்ட கணக்குதான் உறுத்துகிறது. ஆட்டிசம் உள்ள 11,814 பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் தந்த விவரங்களில், 87 சதவீதம் பேருக்கு உடல் அசைவில் சிக்கல் இருக்க வாய்ப்பு தெரிந்தது. பிசியோதெரபி கிடைத்துக்கொண்டிருந்தது 32 சதவீதம் பேருக்கு.

மிச்சப் பேருக்கு ஏன் கிடைக்கவில்லை? பணம், காப்பீடு, காத்திருப்பு எல்லாம் உண்டு. இன்னொன்றும் உண்டு. மேரிலாந்தின் தமிழ் வீடுகளில் டாக்டரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்போ பேசுவான்?" என்பது. இரண்டாவது கேள்வியும் ஏறக்குறைய அதுவே. மாடிப்படியில் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து ஏறுகிறானே, முன்பாதத்தில் நடக்கிறானே, பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறானே என்பதெல்லாம் "போகப் போகச் சரியாயிடும்" என்ற கணக்கில் போய்விடுகிறது.

மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்த மாநிலத்தில் வழி எளிது. டாக்டர் கடிதம் வேண்டாம், ஆட்டிசம் என்ற முத்திரையும் வேண்டாம். மாநிலத்தின் ஆரம்ப இடையீட்டுத் திட்டத்தைப் பெற்றோரே தொலைபேசியில் கூப்பிடலாம். வளர்ச்சியில் ஏதாவது ஒரு துறையில் 25 சதவீதம் பின்தங்கல் இருந்தால் போதும். 45 நாளுக்குள் சோதித்துத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். குடும்பம் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. தெரபிஸ்ட் பெரும்பாலும் வீட்டுக்கே வருவார்.

வருபவர் பொம்மை மூட்டையோடு வருவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பால்டிமோர் பக்கத்து எல்லிகாட் சிட்டியில் ஒரு தமிழ் வீடு. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த பாட்டி, தெரபிஸ்ட் வெறுங்கையோடு நுழைந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். வந்தவர் நேரே சமையலறைக்குப் போய், பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கேட்டார். அதற்குள் நாலைந்து பாசிமணிகளை ஒளித்து, தோண்டி எடுக்கச் சொன்னார். இரண்டரை வயதுப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு ரயில் என்றால் உயிர். மாவு சுரங்கப்பாதை ஆயிற்று. மணிகள் பயணிகள் ஆயின. அப்புறம் விரல்கள் தாமாக இறங்கின. "மாவு பிசையறதுக்குப் படிப்பா?" என்று பாட்டி தமிழில் கேட்டதை மருமகள் மொழிபெயர்க்கவில்லை.

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கால்கள் தொங்கின. தெரபிஸ்ட் ஓர் அட்டைப் பெட்டியைக் காலடியில் தள்ளி வைத்தார். பாதம் ஊன்றினால் இடுப்பு நிற்கும், இடுப்பு நின்றால் தோள் நிற்கும், தோள் நின்றால்தான் விரல் வேலை செய்யும் என்பது இந்தத் துறையின் பால பாடம். கிரேயானை ஒடித்துக் கட்டை விரல் நீளத்துக்குக் கொடுப்பதும் அப்படித்தான். துண்டு சிறியதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டும். பொத்தானுக்கு வேறு தந்திரம். பெரிய பொத்தானைப் பாதி துளையில் நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட வேண்டும். அது கைவந்த பிறகு ஒரு படி பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான்.

சாப்பாடுதான் பெரிய விஷயமாகக் கிளம்பியது. மதிப்பீட்டுப் படிவத்தில் கேட்டிருந்தது ஸ்பூனையும் ஃபோர்க்கையும். வீட்டிலோ கையால் சாப்பிடும் பழக்கம். பையனுக்குப் பாட்டி ஊட்டுவார், ஏனென்றால் சாம்பார் சாதம் விரலில் ஒட்டினாலே கத்துவான். குடும்பம் எதை முக்கியமாகக் கருதுகிறதோ அதையே இலக்காக எழுதலாம் என்றார் தெரபிஸ்ட். முதலில் கையில் ஒட்டாத பொரி, அடுத்து உதிரி உதிரியான சாதம், வெகு பின்னால் தயிர்சாதம் என்று வரிசை வகுக்கப்பட்டது. விரல் நுனியால் சோற்றைப் பிசைந்து அள்ளி வாயில் தள்ளுவது லேசான வேலை அல்ல என்பது தட்டைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

தனியார் மையங்களில் காட்சி வேறு. ஊஞ்சல், பந்துத் தொட்டி, எடை வைத்த மேலாடை, மினுமினுக்கும் விளக்கு. இவற்றில் பலவற்றுக்கு மூலம் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1970களில் எழுதிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு. பலன் உண்டா என்றால், பதில் இரண்டு விதமாக இருக்கிறது. தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தின் ரோசான் ஷாஃப் குழு 32 பிள்ளைகளை வைத்துச் செய்த சிறு ஆய்வில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வகுத்த இலக்குகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வேல்ஸிலும் தென் இங்கிலாந்திலும் 138 பிள்ளைகளை வைத்து நடத்தி 2022இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எடைப் போர்வை கதையும் வேடிக்கையானது: 2014இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வின்படி அதனால் தூக்கம் கூடவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது.

பிடித்தால் வாங்கிக் கொள்ளட்டும். ஊஞ்சலும் ஆடட்டும், குழந்தைதானே. ஆனால் ஆறு மாதம் ஊஞ்சலுக்குப் பணம் கட்டியும் பிள்ளை செருப்பை மாட்டப் பழகவில்லை என்றால், அந்த மையத்தைக் கேள்வி கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. நம்மவர்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கைகட்டி நிற்பது இங்கே வந்தும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் வாசல் இல்லாமல் இல்லை. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும், "பேசுவானா?" என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "அடுத்த மூன்று மாதத்தில் எந்த ஒரு வேலையை இவன் தானாகச் செய்யப் பழகுவான், அதற்கு வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.