கேள்வி கேட்டால் குற்றமா?



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மாவுக்கு சிவகாசிப் பக்கம் ஃபயர் ஆபீஸில் வேலை. எனக்குத் தெரிந்த முதல் ராக்கெட் குச்சியில் கட்டிய காகிதக் குழல்! ஆனால் நான் எழுத வந்தது ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைப் பற்றி. அதை விடும் அரசு நிறுவனத்தை வெளியே நிற்கும் சாதாரண மனிதன் கவனிக்கலாமா, கேள்வி கேட்கலாமா?

"இஸ்ரோவையே கேள்வி கேக்குற அளவுக்கு நீ பெரிய ஆளா?" என்பார்கள். இதற்கு ஒரு மதுரைக்காரர் 2019-லேயே பதில் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு ஜூலை 22-ல் சந்திரயான்-2 கிளம்பியது. செப்டம்பர் 7 அதிகாலையில், நிலவுத் தரைக்கு 2.1 கி.மீ. மேலே விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தது. லேண்டர் இருக்குமிடம் தெரிந்துவிட்டது என்று சில நாளில் இஸ்ரோ சொன்னது. ஆனால் படத்தைக் காட்டவில்லை. செப்டம்பர் 26-ல் அமெரிக்காவின் நாசா, அந்தப் பகுதியைத் தன் விண்கலம் எடுத்த படங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி! நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். லேண்டர் மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்த சிதறல் அது.

"எங்கள் ஆர்பிட்டர் முன்பே கண்டுபிடித்துவிட்டது" என்றார் அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன். இருக்கட்டும் ஐயா! உங்களுக்குத் தெரிந்தால் போதுமா? வரிப்பணம் கொடுத்த எங்களுக்கும் தெரிய வேண்டாமா?

கேட்பவர்கள் கேட்டதால்தான் அந்த நவம்பரில் மக்களவையில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தது. முதல் கட்டத்தில் வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகச் சரியாகக் குறைந்தது, அடுத்த கட்டத்தில் கணக்குத் தப்பியது என்று சொன்னார்கள். இன்னும் விளக்கமான காரணம் 2023 ஜூலையில், சோமநாத் தலைவராக இருந்தபோதுதான் வெளியே வந்தது. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளின. இறங்குவதற்கு ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். சந்திரயான்-3-க்கு அதை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று விரித்தார்கள். ஆகஸ்ட் 23-ல் ஜம்மென்று இறங்கியது! தவறை ஒத்துக்கொண்டு அலசியதால் இஸ்ரோவின் மானம் போகவில்லை நண்பர்களே, கூடித்தான் போனது.

இதையெல்லாம் நான் ஏன் தோண்டுகிறேன்? எங்கள் ஊரில் வெடிப்பது ஆளில்லாத லேண்டர் அல்ல. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்தார்கள். பிறகும் எத்தனையோ விபத்துகள். என் சித்தி வேலை பார்த்த ஆலையிலும் ஒரு செட் வெடித்தது. சித்தியின் வலது கை இன்றும் முழுதாக நீளாது. காரணம் கேட்டால் "உராய்வு" என்று ஒற்றை வார்த்தை. எந்த மருந்து? எத்தனை கிலோ இருந்தது? எத்தனை பேரை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள்? சொன்னவர் யாருமில்லை. காரணம் தெரியாமல் அடுத்த செட்டை எப்படிக் காப்பாற்றுவது?

2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். விபத்தை விசாரித்த அலுவலகத்துக்கு மனு எழுதினேன். "பொழப்புல மண்ணப் போட்டுறாதப்பா" என்று அம்மா அழுதாள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் சித்தி கையெழுத்துப் போட்டாள், இடது கையால். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

"டிப்ளமோ பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் நம்மைப் போல பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர்தான்! உள்ளே போய் ராக்கெட் கட்டவும் நமக்குத் தகுதி உண்டு. வெளியே நின்று "ஏன் விழுந்தது?" என்று கேட்கவும் உரிமை உண்டு.

கேட்போம் நண்பர்களே... ஆதாரத்தோடு கேட்போம், பதில் வரும்வரை கேட்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை