புதுப்பேட்டையில் ஒரு ரேடியேட்டர்

நண்பரின் அம்பாசிடர் மாமனார் வழி வந்தது. 2014இல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றபோதே விற்றுவிடச் சொன்னேன்; கேட்கவில்லை. இந்தக் கோடையில் மதுரவாயல் தாண்டுவதற்குள் வண்டி கொதித்துவிட்டது. வழக்கமான மெக்கானிக், ரேடியேட்டரைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வேறு மாட்டலாம் என்றாராம். நண்பருக்கு மனம் வரவில்லை. புதுப்பேட்டையில் பித்தளை ரேடியேட்டர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், நீங்களும் வாங்க, எழுத ஆகும் என்று என்னையும் இழுத்துப் போனார்.

கடை ஒரு ஷட்டர் அகலம். அதில் பாதியைச் சிமெண்ட் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் அவரை பாய் என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். ரேடியேட்டரின் வாய்களை ரப்பரால் அடைத்து, ஒன்றில் காற்றுக்குழாயைச் செருகித் தொட்டியில் அமுக்கினார். அடிப்பக்கத்து மடிப்பிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பார்வையை எடுக்காமல் ஆணியால் அந்த இடத்தில் கீறினார்.

மேல் டேங்கை ஈயம் இளக்கிக் கழற்றியதும் கொதித்ததற்கான காரணம் தெரிந்தது. ட்யூப்களின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. “போர் தண்ணி ஊத்திருக்கீங்க” என்றார் பாய், கேள்வியாக அல்ல. தட்டையான இரும்புப் பட்டையை ஒவ்வொரு ட்யூபிலும் விட்டு இழுத்தார். நெடுநேரம் பிடித்த அந்த வேலையை நான் முழுக்கப் பார்க்கவில்லை. எதிரே டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஈயம் வைக்கத் தொடங்கியிருந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, நுரை அடங்கும்வரை விட்டுவைத்த நீர் ஒரு பழைய பாட்டிலில் இருந்தது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த பித்தளையில் அதைத் தடவி, டார்ச்சின் நெருப்பைக் காட்டி, ஈயக் குச்சியால் தொட்டார். முதல் தொடலில் ஈயம் முத்தாக உருண்டு நின்றது. “இன்னும் அழுக்கு போகல” என்று மறுபடி தேய்த்தார். இரண்டாம் முறை தொட்ட மாத்திரத்தில் பளபளவென்று விரிந்து மடிப்புக்குள் ஓடி மறைந்தது. ஈயம் ஓடிய பிறகு டார்ச்சை ஒரு கணம் அதிகம் காட்டினாலும் பக்கத்து ஒட்டு இளகிவிடும். அதனால் அங்கே ஈரத்துணி சுற்றியிருந்தார். அந்த ஈயப் புகையைத்தான் நாற்பது வருஷமாக முகத்துக்கு நேரே வாங்குகிறார். முகமூடி கிடையாது.

பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயப் பற்றாசு 200, 250இலேயே இளகிவிடும். நடுவில் கை தவறுவதற்கு ஏகப்பட்ட இடம் உண்டு. இப்போதைய கார்களில் வருவதோ அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் டேங்க். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதை ஒட்டும் பற்றாசு இளகுவது 580 வாக்கில். தெருவோர டார்ச்சுக்கு அந்த இடைவெளி போதாது. அதனால்தான் ஓட்டை விழுந்தால் மொத்தமாக மாற்று என்கிறார்கள். பாய்க்கு இப்போது சோறு போடுவது பழைய லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர்கள்.

அதுவும் நேராக வருவதில்லை; மெக்கானிக் கைமாறித்தான் வருகிறது. வண்டிக்காரர் கொடுக்கும் ஆயிரத்தில் பாதிகூட இந்தத் தொட்டிக்கு வந்து சேராது. நெருப்புக்கும் அமிலத்துக்கும் முகம் கொடுப்பவர் ஒருவர். கழற்றி எடுத்துவந்து போனில் விலை சொல்பவர் ஒருவர். லாபம் இரண்டாமவருக்கு. கார் ஏசி வேலையிலும் வண்டிக்காரர் காசு இப்படித்தான் தவறான கைக்குப் போகிறது. குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கல்ல. வருஷா வருஷம் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை. அதைத் தேடாமல் நிரப்பிவிட்டுக் காசு வாங்குவது பகல்கொள்ளை. பல கார்களில் இன்றும் ஓடும் ஆர்-134ஏ, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். கசிவதில் நட்டம் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல.

வீட்டிலேயே என்ன செய்துகொள்ளலாம் என்று கேட்டேன். “ஏசி லைன்ல கை வைக்காதீங்க, தோல் போயிடும்.” லைனுக்குள் திரவமாக இருக்கும் அந்த கேஸ் வெளியே வந்ததும் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது, பட்ட இடம் உறைந்துபோகும். மற்றபடி முன்னால் கண்டென்சரில் சேர்ந்த தூசியை மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை நாமே மாற்றலாம். முன்சீட்டு மிதியடி நனைந்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரென்றால் ஏசி வடிகுழாய் அடைப்பு. பிசுபிசுத்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, கூலன்ட் விஷம்.

சென்னையில் ஹீட்டர் கசிந்தால் பலர் குழாயை மடக்கி இணைத்து அதையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஊட்டி மலையேறி, கண்ணாடியில் பனி மூடும்போதுதான் அருமை தெரியும். சமவெளியிலும் அது உதவும். என்ஜின் சூடேறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறந்தால், வேர்த்துக் கொட்டினாலும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கலாம். முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. மூடி தாங்கும் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். திறந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

ரேடியேட்டர் மறுபடி தொட்டிக்குள் போனது. குமிழி இல்லை. கூலன்ட் பாதி, பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று பாய் சொல்ல, நண்பர் “மெட்ரோ வாட்டர் ஊத்தக்கூடாதா?” என்று ஆரம்பித்தார். பாய் பதில் சொல்லாமல், ட்யூபிலிருந்து இழுத்துப்போட்ட சுண்ணாம்புக் குவியலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.