கொரட்டூர் வழியாக ஒரு விடைபெறல்... ஓய்வுபெறும் கூட்ஸ் எஞ்சின்களும் ஏங்கும் ரசிகர்களும்!

இரவு 11 மணிக்கு மேல் முகப்பேரில் வண்டிகளின் இரைச்சல் மெல்ல அடங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர்களின் பைக்குகளும் போய்ச் சேர்ந்த பிறகு, வடக்கே இருந்து ஒரு ஹாரன் சத்தம் வரும். நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக. கொரட்டூரைத் தாண்டிப் போகும் கூட்ஸ் வண்டி அது.

முகப்பேருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆனால், ரயில் சத்தம் உண்டு. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் வந்த நாளிலிருந்து இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்த ஹாரன்தான் தாலாட்டு. அப்படி வளர்ந்தவர்களில் சிலர்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவும் கையுமாக கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் நடைமேடைகளில் நிற்கிறார்கள். அவர்கள் காத்திருப்பது வந்தே பாரத்துக்காக அல்ல. பெயின்ட் உரிந்த, புழுதி படிந்த ஒரு பழைய கூட்ஸ் எஞ்சினுக்காக.

மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வரலாறு

முகப்பேர் கிழக்கிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, எம்.டி.எச். சாலையைக் கடந்தால் கொரட்டூர் ஸ்டேஷன். மொத்தமே மூன்று கிலோமீட்டர் சுமாருக்குத்தான் பயணம். ஆனால், போய் நிற்கும் இடம் சாதாரணமானதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்தத் தடத்தில்தான். மின்சாரக் கம்பிகள் வந்தது அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1970-களின் இறுதியில்.

நடைமேம்பாலத்தின் மேல் ஏறி நின்றால் காலை வெயிலில் தண்டவாளங்கள் மின்னும். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் லோக்கல்கள் மாறி மாறி வரும். நடுநடுவே எக்ஸ்பிரஸ்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இவற்றுக்கெல்லாம் வழிவிட்டு, கடைசியாக வருவது கூட்ஸ். துறைமுகத்திலிருந்து பெங்களூரு பக்கம் போகும் கன்டெய்னர்கள், உணவு தானியம் ஏற்றிய மூடு வேகன்கள், எரிபொருள் டேங்கர்கள்... நாற்பது, ஐம்பது வேகன்களை இழுத்துக்கொண்டு பொறுமையாக நகரும்.

ரசிகர்கள் முதலில் பார்ப்பது எஞ்சினின் நெற்றியை. பிறகு பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையும் ஷெட்டின் பெயரையும். 'ஏ.ஜே.ஜே' என்றால் அரக்கோணம் ஷெட். அது நம்ம ஊர்ப் பிள்ளை!

'வேக்-5' என்றொரு உழைப்பாளி

இவர்கள் இன்று அதிகம் தேடுவது 'டபிள்யூ.ஏ.ஜி-5' ரக எஞ்சினை. ரசிகர்கள் மொழியில் 'வேக்-5'. முதல் எழுத்து அகலப்பாதையைக் குறிக்கும், இரண்டாவது ஏ.சி. மின்சாரத்தை, மூன்றாவது 'கூட்ஸ்'. 1984-ல் தொடங்கி 1990-களின் இறுதி வரை, மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையும் பெல் நிறுவனமும் சேர்ந்து ஆயிரத்துக்கும் அதிகமான வேக்-5 எஞ்சின்களைத் தயாரித்தன. ஒவ்வொன்றும் சுமார் 119 டன் எடை, 3,850 குதிரைத் திறன். ஒரு காலத்தில் நாட்டின் நிலக்கரியையும் சிமென்ட்டையும் அரிசியையும் அதிகம் இழுத்தது இந்த ரகம்தான். ஆள் போதாத நேரத்தில் பாசஞ்சர் வண்டியையும் இழுத்திருக்கிறது.

அதன் சத்தம்தான் ரசிகர்களைக் கட்டிப்போடுகிறது. நின்றுகொண்டிருக்கும்போதே குளிரூட்டும் விசிறிகள் ஹோவென்று இரையும். புறப்படும்போது லோகோ பைலட் மின்னழுத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுவார். மொத்தம் 32 படிகள். ஒவ்வொரு படிக்கும் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி, வேகன்களின் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக 'டங் டங்' என்று இழுபடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இது வேக்-5 என்று சொல்லிவிடுவார்கள்.

மின்சார எஞ்சினுக்கு முந்தைய தலைமுறைக்கு இன்னொரு காதல் உண்டு: 'ஆல்கோ' டீசல். அமெரிக்காவின் அந்த கம்பெனி 1969-லேயே எஞ்சின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால், அதன் வடிவமைப்பில் வாரணாசியில் பல ஆண்டுகள் எஞ்சின்கள் தயாராகிக்கொண்டிருந்தன. தண்டையார்பேட்டை ஷெட்டிலிருந்து கரும்புகை கக்கியபடி கிளம்பிய அந்த டீசல்களும் இப்போது அரிதாகிவிட்டன.

ஏன் இந்த ஓய்வு?

மின்சார எஞ்சினின் ஆயுள் 35 ஆண்டுகள் என்பது ரயில்வே கணக்கு. டீசலுக்கு 36. அந்தக் கணக்குப்படி 1984-ல் பிறந்த முதல் வேக்-5-கள் 2019-லேயே ஓய்வு வயதைத் தொட்டுவிட்டன. பின்னால் பிறந்தவை ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் வருகின்றன.

வயது மட்டுமே காரணமல்ல. புதிய வேக்-9 எஞ்சினுக்கு 6,000 குதிரைத் திறனுக்கு மேல். பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்பும் வசதியும் அதில் உண்டு. 2020-ல் ஓடத் தொடங்கிய, பீகாரின் மாதேபுராவில் தயாராகும் வேக்-12-க்கு 12,000 குதிரைத் திறன். மூன்று வேக்-5 செய்யும் வேலையை அது தனியாகச் செய்யும். கரன்ட் பில் பார்க்கும் எவரும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடைமேடையில் நிற்பவருக்கு இனிக்கும் அந்த இரைச்சல், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இனிக்காது. சித்திரை வெயிலில் அந்த இரும்புக் கூண்டு எப்படிக் கொதிக்கும் என்பது லோகோ பைலட்டுகளுக்குத்தான் தெரியும். கழிப்பறை கிடையாது. புதிய எஞ்சின்களில் ஏ.சி. கேபின் வருகிறது என்றால், அது அவர்களுக்கு நீண்ட காலமாகக் கிடைக்காமலிருந்த நியாயம். பழைய எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

அப்படியென்றால் ரசிகர்களின் ஏக்கம் எதற்கு? அது ஓடவில்லையே என்பதற்காக அல்ல. ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விடுமோ என்பதற்காக.

ஓய்வுபெற்ற எஞ்சினிலிருந்து பயன்படும் பாகங்களை முதலில் கழற்றி, இன்னும் ஓடும் அதன் சகோதரர்களுக்குப் பொருத்துவார்கள். மிச்சமுள்ள கூடு பழைய இரும்பாக இணைய ஏலத்துக்குப் போகும். பிறகு கேஸ் கட்டர். எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்காவது கடைசி நாளில் மாலை போட, படம் எடுக்க பயணிகள் இருப்பார்கள். கூட்ஸ் எஞ்சினில் ஏறிய பயணி யாரும் இல்லை. வழியனுப்பவும் ஆள் இல்லை.

காப்பாற்றினால் என்ன ஆகும்?

பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 'இ.ஐ.ஆர்-21' என்ற நீராவி எஞ்சின் 1855-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. வேலை முடிந்த பிறகு, நூறு ஆண்டுகளுக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. அதை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் பிரித்து, காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து, உயிர் கொடுத்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. அதாவது, இதே கொரட்டூர் வழியாக! என்றைக்கோ யாரோ ஒருவர் "இதை உடைக்க வேண்டாம், ஓரமாக நிறுத்திவையுங்கள்" என்று முடிவு செய்ததால்தான் அது நடந்தது.

முகப்பேரிலிருந்து திரும்பும் வழியில், நியூ ஆவடி ரோட்டில் ஐ.சி.எஃப். பக்கம் இருக்கும் சென்னை ரயில் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். 2002-ல் திறக்கப்பட்ட இங்கே நீராவி எஞ்சின்களும் பழைய பெட்டிகளும் மரநிழலில் நிற்கின்றன. பொம்மை ரயிலில் குழந்தைகள் சுற்றி வருகிறார்கள். நீராவி எஞ்சினைப் பார்த்ததும் தாத்தாக்களின் முகம் மலர்கிறது. ஏனென்றால், அவர்கள் வளர்ந்தது அந்தக் கூவலோடு. இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள் தாத்தா ஆகும்போது, பேரனுக்குக் காட்ட அவர்கள் காலத்து எஞ்சின் ஒன்று வேண்டாமா?

119 டன் பழைய இரும்பின் விலை ரயில்வேக்குப் பெரிய தொகை அல்ல. அரக்கோணம் ஷெட்டின் எண் எழுதிய ஒரே ஒரு வேக்-5-ஐ, பெயின்ட் அடித்து, இந்த மரநிழலில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். ரசிகர்கள் ஆசைப்படுவது அவ்வளவுதான்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

கூட்ஸ் வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது. பொறுமைதான் டிக்கெட். நிஜமான டிக்கெட்டும் வேண்டும். லோக்கல் டிக்கெட்டோ பிளாட்பாரம் டிக்கெட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேம்பாலமும் நடைமேடையின் உட்பக்கமும்தான் பாதுகாப்பான இடங்கள். தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. செல்ஃபி மோகத்தில் போன உயிர்கள் திரும்பியதில்லை. ஆவடி, பட்டாபிராம் பக்கம் ராணுவப் பகுதிகள் இருப்பதால் அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது. அருங்காட்சியகத்துக்கு திங்கட்கிழமை விடுமுறை.

எங்கும் போக நேரமில்லையா? இன்று இரவு முகப்பேரில் மொட்டை மாடிக்கு ஏறி, வடக்குப் பக்கம் காதைக் கொடுங்கள். வருவது புதிய எஞ்சினா, பழைய எஞ்சினா என்று அவ்வளவு தூரத்தில் சொல்வது கடினம். ஆனால் கரகரப்பான, நீளமான ஹாரன் ஒன்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் அந்த எஞ்சினின் பெயரைச் சொல்லிவையுங்கள்.